வழலைக் கட்டியால் கழுவிய நா

(திங்கள்தோறும் கூடும் மொழிக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

படைமறவர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வாளெடுத்தவரையும் வேலெறிந்தவரையும் பற்றி இம்மேடையில் பலர் பலமுறை பேசியிருக்கின்றனர். நான் சொல்லவிருப்பவர் தமிழரல்லர், தமிழ்நாட்டைக் கண்டவருமல்லர். கடல் கடந்த அமெரிக்க நாட்டில், நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் வறண்ட மேட்டுநிலத்தில், ஆடு மேய்த்து வாழ்ந்த குடும்பமொன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமைதிப் பெருங்கடல் தீவுகளில் போரிட்டு மீண்டு, 93-ஆம் அகவையில் மறைந்தவர். அவர் பெயர் செசுட்டர் நேசு. நவகோ என்னும் தொல்குடியினர்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் கரணியம் ஒன்றே. போர்க்களத்திற்கு அவர் கொண்டு சென்ற படைக்கலங்களுள் தலையாயது அவருடைய தாய்மொழி. அம்மொழியைப் பேசியதற்காக இளமையில் அவர் ஒறுக்கப்பட்டார். பின்னர் அம்மொழியைக் கொண்டே நாட்டுக்குப் பெரும்பணி செய்தார். செய்த பணியை வெளியே சொல்லலாகாது என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வாய் பூட்டப்பட்டார். பள்ளியில் ஒருமுறை, போர் முடிந்தபின் ஒருமுறை, ஆக இருமுறை ஒரே நாவுக்குப் பூட்டு. இவ்விரண்டுக்கும் இடையே நடந்ததைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

நவகோ என்பது அயலார் வழங்கிய பெயர். தம்மை அம்மக்கள் தினே என்றே அழைத்துக்கொள்வர். மக்கள் என்பது அதன் பொருள். 1864-இல் அமெரிக்கப் படையினர் அவர்தம் விளைநிலங்களையும் பழமரங்களையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை 300 கல்லுக்கு மேற்பட்ட தொலைவு நடத்திச் சென்று, பாசுக் ரெடோண்டோ என்னுமிடத்தில் அடைத்து வைத்தனர். வழியிலும் அடைப்பிலும் மாண்டோர் பலர். அதனை நெடுநடை என்று அவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். 1868-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு மக்கள் தம் நிலத்துக்குத் திரும்பினர். அவ்வொப்பந்தத்திலேயே 6 முதல் 16 அகவைக்குட்பட்ட பிள்ளைகளை ஆங்கிலக் கல்விக்கு அனுப்பியாக வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. நிலத்தைத் திருப்பித் தந்த கை, அதே தாளில், பிள்ளைகளின் நாவைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நேசு பிறந்தது 1921 சனவரி 23. ஊர் சிச்சில்டா, கருவாலி மரங்களிடையே உள்ள இடம் என்பது அப்பெயரின் பொருள். தாயைச் சிறு அகவையிலேயே இழந்தார். தந்தையும் பாட்டியும் வளர்த்தனர். ஆடுகளோடு அலைந்து, விண்மீன்களைப் பார்த்துக்கொண்டு வெட்டவெளியில் உறங்கிய பிள்ளை. ஏறத்தாழ 8 அகவையில் அரசின் உறைவிடப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டார். சேர்த்த அன்றே முடி மழிக்கப்பட்டது. பெயரும் மாற்றப்பட்டது. செசுட்டர் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. செசுட்டர் ஆர்தர் என்று முன்னாளில் ஒரு குடியரசுத் தலைவர் இருந்தார், அவர் பெயரைப் பள்ளியார் எடுத்து இப்பிள்ளைக்குச் சூட்டினர்.

அப்பள்ளியில் நவகோ மொழி பேசுவது குற்றம். ஒரு சொல் தவறி வாயில் வந்துவிட்டாலும், துணி வெளுக்கும் பழுப்பு நிற வழலைக் கட்டியால் பிள்ளையின் வாயைத் தேய்த்துக் கழுவுவர். அந்தக் காரமும் கசப்பும் நாள்முழுதும் நாவில் நிற்கும் என்று நேசு முதுமையிலும் நினைவுகூர்ந்தார். எட்டு அகவைப் பிள்ளைக்குப் பசித்தால் பசிக்கிறது என்று எம்மொழியில் சொல்லும்? ஆங்கிலமோ தெரியாது, தெரிந்ததோ குற்றம். ஆகவே அப்பிள்ளைகள் பேசாதிருக்கக் கற்றுக்கொண்டனர். கண் காணாத இடத்தில், படுக்கைக்கடியில், விளையாட்டுத் திடலின் மூலையில் தம் மொழியை மெல்ல முணுமுணுத்துக்கொண்டனர். அந்த முணுமுணுப்பு அன்று நின்றிருந்தால் நான் இனிச் சொல்லவிருக்கும் எதுவும் நடந்திராது.

1930-களில் இன்னோர் அடி விழுந்தது. நிலம் அரிக்கப்படுகிறது, மேய்ச்சல் மிகுந்துவிட்டது என்று கூறி அரசு நவகோ மக்களின் ஆட்டு மந்தைகளைக் கொன்று குறைத்தது. நேசின் குடும்பமும் தன் மந்தையில் பெரும்பகுதியை இழந்தது. ஆட்டை வைத்தே செல்வமும் மதிப்பும் அளக்கப்படும் குடியில் அது எத்தகைய இழப்பு என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் செய்த அரசுக்காக அவர் போருக்குப் போனார். ஏன் போனார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். நாடு தாக்கப்பட்டால் மறவர் எழவேண்டும் என்பது அம்மக்களின் மரபு. நிலம் யாருடைய ஆட்சியில் இருந்தாலும் நிலம் தம்முடையது என்பது அவர்களின் எண்ணம். வறுமையும் ஒரு கரணியமாக இருந்திருக்கலாம். இவை அனைத்தும் கலந்ததே உண்மையாக இருக்கக்கூடும். ஒரு மாந்தனின் நெஞ்சை ஒரே சொல்லில் அடக்கிவிட நான் முனையவில்லை.

1941 திசம்பரில் சப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது. தீவுப்போரில் அமெரிக்கப் படைக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. வானொலியில் அனுப்பும் கட்டளைகளைச் சப்பானியர் ஒட்டுக்கேட்டனர். ஆங்கிலம் நன்கறிந்தவர் அவர்களிடையே பலர் இருந்தனர். குறிமொழியில் அனுப்பியவற்றுள்ளும் பலவற்றை உடைத்துப் படித்தனர். பொறிகளைக் கொண்டு மறைத்து அனுப்பினாலோ, மூன்று வரிச் செய்தியை மறைத்து அனுப்பி விடுவித்துப் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று. குண்டு விழும் இடத்தில் அரைமணி நேரம் யாருக்கு உண்டு?

பிலிப்பு சான்சுட்டன் என்னும் பொறியாளர் ஒருவர். சமயப் பணியாளரின் மகனாக நவகோ மக்களிடையே வளர்ந்து அம்மொழியைப் பேசக் கற்றவர். நவகோ மொழியைக் குறிமொழிக்கு அடிப்படையாக்கலாம் என்று 1942 தொடக்கத்தில் கடற்சார் படையினரிடம் அவர்தாம் கூறினார். அம்மொழி நூல்களில் பெரிதும் எழுதப்படாதது. ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறுவது. வினைச்சொல்லின் அமைப்போ அயலாரை மலைக்க வைப்பது. சப்பானியர் யாரும் அதனைக் கற்றிருக்க வழியில்லை. படைத்தலைவர்கள் ஆய்ந்து பார்த்து இசைந்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் படைக்கு ஆளெடுப்போர் தூபா நகர்ப் பள்ளிக்கு வந்தனர். நவகோவும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்த இளைஞர் வேண்டும் என்றனர். எம்மொழியைப் பேசாதே என்று அரசுப்பள்ளி அடித்ததோ, அம்மொழி தெரிந்தவன் வேண்டும் என்று அரசுப்படை அழைத்தது. 21 அகவையினரான நேசு தம் நண்பர் ராய் பிகேயுடன் சேர்ந்தார். முதல் அணியில் 29 பேர்.

அன்பர்களே! இனி நான் சொல்வதைச் சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

கலிபோர்னியாவில் சான் டியேகோவை அடுத்த எல்லியட்டுப் பாசறையில் அந்த 29 பேரையும் ஓர் அறையில் அமர்த்தி, உங்கள் மொழியில் ஒரு குறிமொழி ஆக்குக என்று பணித்தனர். ஆடு மேய்த்த குடியின் மொழியில் நீர்மூழ்கிக்குச் சொல் ஏது? குண்டு வீசும் வானூர்திக்குச் சொல் ஏது? அறிவியலுக்கு உங்கள் மொழியில் சொல் இருக்கிறதா என்று நம்மைப் பார்த்து ஏளனமாகக் கேட்போர் இங்கும் உளர் அல்லரோ? அந்த இளைஞர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துப் பலுக்கிக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பகைவன் கண்டுகொள்வான். ஆகவே கடன் வாங்குதல் அங்கே உயிருக்கு ஊறு. அவர்கள் தம் நிலத்தையும் வானத்தையும் பார்த்தனர். மெல்ல ஊர்ந்து வரும் இரும்புப் போர் ஊர்தியை ஆமை என்றனர். விரைந்து திரும்பும் போர் வானூர்தி தேன்சிட்டைப் போன்ற முரல்சிட்டு ஆயிற்று. குண்டு வீசும் வானூர்தியைப் பிணந்தின்னும் கழுகு என்றும், வேவு பார்க்கும் வானூர்தியை ஆந்தை என்றும் அழைத்தனர். குண்டு முட்டை; நவகோவில் அயேசி. கைக்குண்டு உருளைக்கிழங்கு, நவகோவில் நிமாசி. பெரும் போர்க்கப்பல் திமிங்கிலம். நீர்மூழ்கி பேசுலோ, இரும்பு மீன் என்பது அதன் பொருள். படைப்பிரிவுகளுக்குத் தம் குலப்பெயர்களை வைத்தனர். அமெரிக்காவுக்கு நேகேமா, அதாவது எம் தாய், என்று பெயரிட்டனர். தம் மந்தையைக் கொன்ற நாட்டுக்கு அப்பெயரை இட்டபோது அவர்கள் நாட்டை நினைத்தனரா, காலடி மண்ணை நினைத்தனரா என்று எண்ணிப் பார்க்கலாம். பிரித்தானியாவுக்கு நீர்களுக்கிடையே என்று பெயர். இந்தியாவுக்கு என்ன பெயர் தெரியுமா? வெள்ளாடை! உலகின் மறுகோடியில் நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவே போலும்.

ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. சப்பானியர்க்கு அக்குறிமொழியில் இட்ட பெயர் அவர்தம் கண்ணமைப்பைச் சுட்டி இழித்துரைப்பது. நிறத்தாலும் முகத்தாலும் தாமே இழிக்கப்பட்டோர் பிறரை அவ்வாறே இழித்தனர் என்பது கசப்பான உண்மை.

ஆக்கிய சொல் இல்லாதவற்றை எழுத்தெழுத்தாக அனுப்பினர். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் அவ்வெழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டு, அதை நவகோவில் சொல்வர். நேசு பின்னாளில் போரிட்ட குவாம் தீவின் பெயரை அனுப்ப வேண்டுமென வைத்துக்கொள்வோம். அதன் ஆங்கில வடிவில் நான்கு எழுத்துகள். வெள்ளாடு, யூட்டு என்னும் அண்டைக் குடி, எறும்பு, சுண்டெலி என்று நான்கு நவகோச் சொற்கள் வானொலியில் போகும். ஒட்டுக்கேட்பவன் நவகோவே தெரிந்தவனாக இருந்தாலும், அவன் செவியில் விழுவது ஆடும் எறும்பும் எலியுந்தான். அடிக்கடி வரும் எழுத்துகளைப் பகைவன் எண்ணிக் கண்டுபிடித்துவிடக்கூடும் என்பதால் பின்னர் அவற்றுக்கு இரண்டு மூன்று மாற்றுச் சொற்களையும் அமைத்தனர். தொடக்கத்தில் 200-ஐ ஒட்டியிருந்த சொற்பட்டியல் போர் முடிவதற்குள் பெரிதும் பெருகியது. அவ்வளவும் மனப்பாடம். களத்துக்கு ஒரு தாளும் எடுத்துச் செல்லலாகாது. எழுத்தின்றிச் செவிவழியே பாடல்களையும் சடங்குகளையும் காத்து வந்த குடியின் பிள்ளைகளுக்கு அது கடினமாக இல்லை என்று நேசு சொன்னார். அரைமணி நேரம் எடுத்த மூன்று வரிச் செய்தி இப்போது 20 நொடியில் போய்ச் சேர்ந்தது.

இக்குறிமொழிக்குக் கொடிய தேர்வொன்றும் நேர்ந்தது. சோ கியூமியா என்னும் நவகோப் படைஞர் பிலிப்பைன்சில் சப்பானியரிடம் சிறைப்பட்டவர், இக்குறிமொழியைக் கற்காதவர். வானொலிச் செய்திகளை விளக்குமாறு சப்பானியர் அவரை வதைத்தனர். தனித்தனிச் சொற்கள் அவருக்கு விளங்கின, செய்தி விளங்கவில்லை. அறியாத ஒன்றைச் சொல் சொல் என்று வதைத்தால் அம்மாந்தர் என்ன செய்வார்! நாகசாகிச் சிறையில் இருந்தபோது அங்கே அணுகுண்டு விழுந்தது. அதிலும் உயிர் பிழைத்தார். அவரைப் பற்றித் தனியே ஒரு கூட்டம் வைக்கலாம்.

நேசு 1942 நவம்பர் 4-இல் குவாடல்கனால் தீவில் இறங்கினார். இருவர் இருவராகப் பணி. ஒருவர் வானொலிக் கருவிக்கு மின்னாற்றல் தரும் கைப்பிடியைச் சுற்றுவார், மற்றவர் பேசுவார். வலப்புறம் பகைவரின் பொறித்துமுக்கி நிலையொன்று இருக்கிறது, அதை அழித்திடுக என்பதே தாம் அனுப்பிய முதற்செய்தி என்று நேசு நினைவுகூர்ந்தார். சிறிது நேரத்தில் அந்நிலை வெடித்துச் சிதறியது. பள்ளியில் வழலை தேய்த்த நா சொன்ன சொற்கள் குண்டாகப் போய் விழுந்தன. செய்தியை அனுப்பியவுடன் அவ்விடத்தை விட்டு ஓடிவிட வேண்டும். ஒலி வந்த திசையைப் பார்த்துப் பகைவர் சுடுவர். சேற்றுக்குழியில் நீர் தேங்கி நிற்க, உறக்கமின்றி, உணவு குறைந்து, இடைவிடாது மணிக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொல் பிறழ்ந்தால் குண்டு தம்மவர் தலையில் விழும்.

குவாடல்கனாலுக்குப் பின் பூகன்வில், குவாம், பெலெலியு, அங்கௌர் என்று தீவு தீவாகச் சென்றார். அவர்க்குச் சாவைக் காட்டிலும் கொடியதொன்று அங்கே இருந்தது. பிணத்தைத் தொடலாகாது, பிணம் கிடக்கும் இடத்தில் தங்கலாகாது, இறந்தோரின் தீய எச்சம் உயிரோடிருப்போரைப் பற்றிக்கொள்ளும் என்பது நவகோ மக்களின் உறுதியான நம்பிக்கை. அந்நம்பிக்கையில் வளர்ந்தவர் பிணங்களுக்கிடையே குழி தோண்டிப் படுக்க நேர்ந்தது. சோளப் பூந்துகள் இட்ட சிறு தோற்பையைத் தம்மோடு வைத்துக்கொண்டு, தம் மொழியிலேயே வேண்டிக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. முகத்தோற்றத்தைக் கண்டு சப்பானியர் என்று எண்ணி, அமெரிக்கப் படையினரே தம் நவகோத் தோழர்களைத் துமுக்கி முனையில் நிறுத்தியது பலமுறை நடந்தது, நேசுக்கும் நேர்ந்தது.

இவோ சிமா தீவுப் போரில் நேசு இல்லை. ஆயினும் அங்கே முதல் இரண்டு நாளில் நவகோத் தோழர் அறுவர் 800-க்கு மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றி அனுப்பினர் என்பதைச் சொல்லியாக வேண்டும். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 400 நவகோ இளைஞர்கள் இப்பணியில் ஈடுபட்டிருந்தனர். குறிமொழி கடைசிவரை உடைக்கப்படவில்லை.

1945-இல் நேசு விடுவிக்கப்பட்டார். சென்றபோதும் வந்தபோதும் படையின் கீழ்ப்படிகளில் ஒன்றிலேயே இருந்தார். விடைகொடுக்கும்போது, செய்த பணியைப் பற்றி யாரிடமும் பேசலாகாது என்று கட்டளையிட்டனர். பிற்காலப் போர்களிலும் அக்குறிமொழி தேவைப்படலாம் என்பது அரசின் எண்ணம். ஏனைய படைஞர் ஊருக்கு வந்து தாம் செய்ததைச் சொல்லி நெஞ்சை ஆற்றிக்கொண்டனர். இவர் தந்தை கேட்டாலும், போரில் இருந்தேன் என்பதற்கு மேல் சொல்லலாகாது.

வந்த மண்ணிலோ வாக்குரிமை இல்லை. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்குடியினரைக் குடிமக்கள் ஆக்கியிருந்தும், நியூ மெக்சிக்கோவும் அரிசோனாவும் வாக்களிக்க விடவில்லை. நாட்டுக்காகக் குண்டுமழையில் நின்றவர் அந்நாட்டின் தேர்தலில் நிற்பவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர்! 1948-இல் மிகுவேல் துருகில்லோ என்னும் மற்றொரு தொல்குடி ஆசிரியர், அவரும் கடற்சார் படையில் பணியாற்றியவரே, வழக்குத் தொடுத்து வென்ற பின்னரே நியூ மெக்சிக்கோவில் அக்கதவு திறந்தது.

வீட்டுக்கு வந்த நேசை இரவுகள் உறங்கவிடவில்லை. தாம் கண்ட சப்பானியப் பிணங்கள் கனவில் எழுந்து வந்தன. பகலிலும் அவர்களின் நிழல் தெரிந்தது. இன்று மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். போரின் பின்விளைவான உளக்காயம் என்கின்றனர். அன்று அப்பெயர் இல்லை. ஆனால் நவகோ மக்களிடம் பெயரும் இருந்தது, மருந்தும் இருந்தது. போரிலிருந்து மீண்டவனைப் பற்றிய பகைவரின் ஆவிகளை விலக்கும் பகைவழிச் சடங்கு என்பது அவர்தம் பழமரபு. குடும்பத்தார் அச்சடங்குக்கு ஏற்பாடு செய்தனர். ஊரார் கூடினர். பாடுநர் பழம்பாடல்களை நாட்கணக்கில் பாடினார். கனவுகள் தணிந்தன என்று நேசு பின்னர்க் கூறினார்.

பாடலால் நோய் தீருமா என்று இங்குள்ள பகுத்தறிவாளர் சிலர் புருவம் நெரிப்பது எனக்குத் தெரிகிறது. ஆவிகளை நானும் நம்பவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். செய்ததைச் சொல்லக்கூடாது என்று அரசு வாயை அடைத்துவிட்ட ஒருவரை நடுவில் அமர்த்தி, நீ கண்டது கொடியது என்பதை நாங்கள் அறிவோம், நீ எங்களவன், திரும்பி வா என்று ஓர் ஊரே அவருடைய மொழியில் நாட்கணக்காகப் பாடுகிறது. அவர் தம் கமுக்கத்தை வெளியிடத் தேவையில்லாமலே சுமை இறங்குகிறது. வழலை தேய்த்தவர்கள் முற்றும் வென்றிருந்தால் அப்பாடல்களைப் பாட ஆளிருந்திராது. கேட்டுப் பொருளுணர நேசுக்கும் செவி இருந்திராது. போர்க்களத்தில் அம்மொழி பலர் உயிரைக் காத்தது என்று எல்லாரும் எழுதுகின்றனர். வீட்டில் அது அவர் ஒருவரின் உயிரைக் காத்ததே, அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அதன்பின் கான்சசு மாநிலம் சென்று பள்ளிப்படிப்பை முடித்தார். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை பயின்றார். படைஞர்க்கு அரசு அளித்த கல்வித்தொகை தீர்ந்துபோகவே, பட்டம் பெறாமல் வெளியேறினார். கொரியப் போர்க்காலத்தில் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டு உள்நாட்டிலேயே பணியாற்றினார். பிறகு அல்புகெர்க்கி நகரில் முன்னாள் படைஞர்க்கான மருத்துவமனையில் வண்ணம் பூசுநராக 25 ஆண்டு உழைத்தார். போரில் உடைந்த மாந்தர் வந்து படுக்கும் கட்டடத்தின் சுவர்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டு, தாம் யார் என்பதைச் சொல்லாமலே அவர்களுக்கிடையே நடமாடினார்.

1968-இல் அரசு கமுக்கக் கட்டை அவிழ்த்தது. அப்போது அவர்க்கு 47 அகவை. பேசலாம் என்ற இசைவு வந்தபோது கேட்பதற்கு உலகம் விரைந்து வந்துவிடவில்லை. 1982-இல் குடியரசுத் தலைவர் ரீகன் ஆகத்து 14-ஐ அவர்கள் நினைவுநாளாக அறிவித்தார். நாட்டுப் பேராயத்தின் பொற்பதக்கம் வழங்கும் சட்டம் 2000-ஆம் ஆண்டு திசம்பரில்தான் நிறைவேறியது. இடையில் எத்தனை பேர் மறைந்துவிட்டனர்!

2001 சூலை 26. வாசிங்டன் நகரில் பேராயக் கட்டடத்தின் வட்டக்கூடம். முதல் அணி 29 பேரில் அன்று உயிரோடிருந்தவர் ஐவர், வரமுடிந்தவர் நால்வர். நேசு அவர்களுள் ஒருவர். மற்றவர்க்காக வந்தோர் பிள்ளைகளும் உறவினரும். குடியரசுத் தலைவர் சியார்சு புசு பதக்கங்களை வழங்கினார். அப்பதக்கத்தின் ஒரு புறத்தில் நவகோ மொழியிலேயே ஒரு தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. நவகோ மொழியைக் கொண்டு பகையை வென்றனர் என்பது அதன் பொருள். எந்த அரசின் பள்ளியில் அம்மொழி குற்றமாக இருந்ததோ, அவ்வரசின் பொன்னில் அம்மொழி எழுத்தாகப் பதிந்தது. அந்தப் பொன் 56 ஆண்டு பிந்தி வந்தது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறு ஆண்டே இவர்களைப் பற்றி ஒரு பெரிய திரைப்படமும் வந்தது. அதன் நடுவில் நின்றவன் ஒரு வெள்ளைப் படைஞன். நவகோக்காரர் அவனுக்குத் துணைப்பாத்திரம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தம் வாழ்க்கையைத் தாமே சொல்ல நேசு முடிவு செய்தார். சூடித்து அவிலா என்னும் எழுத்தாளர் உடனிருந்து எழுத, 2011-இல் அவர் நினைவுநூல் வெளிவந்தது. முதல் அணியினர் ஒருவரின் வாழ்வை அவர் வாய்மொழியாகவே தந்த நூல் அது. ஆங்கிலத்தில்தான் வந்தது. அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆயினும் நூலின் பின்னிணைப்பாகக் குறிமொழியின் சொற்பட்டியல் தரப்பெற்றிருப்பதைக் கண்டு ஆறுதல் கொண்டேன். சொல்லாதே என்று கட்டளையிடப்பட்ட சொற்கள், இப்போது யாரும் வாங்கிப் படிக்கத்தக்க தாளில் இருக்கின்றன.

அதற்குள் நீரிழிவு நோய் அவருடைய இரண்டு கால்களையும் பறித்துவிட்டது. உருளை நாற்காலியில் அமர்ந்தே ஊரூராகச் சென்றார். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார். நம் மொழியைக் கொண்டு நாம் செய்தது இது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மொழியைப் பேசுவோர் இன்றும் ஒன்றரை இலக்கத்துக்கு மேற்பட்டோர் உளர். ஆயினும் பேசும் பிள்ளைகளின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறது. வழலைக் கட்டி இல்லாமலே!

2012 நவம்பரில் கான்சசுப் பல்கலைக்கழகம், பணமின்மையால் அவர் விட்டுச் சென்ற பட்டத்தை 91-ஆம் அகவையில் அவர்க்கு அளித்தது. 2014 சூன் 4-இல், வண்ணம் பூசி வாழ்ந்த அதே அல்புகெர்க்கி நகரில், சிறுநீரகம் செயலிழந்து அவர் மறைந்தார். நவகோ நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. சாண்டா பே நகரில் படைஞர்க்கான கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். எல்லியட்டுப் பாசறையின் அறையில் அமர்ந்து ஆமை என்றும் முட்டை என்றும் இரும்பு மீன் என்றும் சொல் ஆக்கிய 29 பேரில் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவரே.